மூக்கை இறக்கு

ஸ்டால் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புத்தகக் கண்காட்சியும் டீக்கடையும்தான். கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு ஸ்டால் தெரியும். சிக்னலில் க்ளட்சைப் பொசுக்கென்று விட்டதும் எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றுபோக, பின்னால் இருக்கிற அத்தனை பேரும் ஹாரன் அடிப்பார்களே, அது. விமானிகளின் பாஷையில் இருக்கிற ஸ்டால் இந்த இரண்டும் இல்லை. 'விமானம் ஸ்டால் ஆகி விழுந்தது' என்று பேப்பரில் படித்தால் பாதிப் பேர் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் முழு பலத்தோடு கர்ஜித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விமானம் ஸ்டால் ஆகலாம். ஆகியிருக்கிறது. அங்கே வேலைநிறுத்தம் செய்வது எஞ்சின் அல்ல, இறக்கை.

இறக்கை எப்படி வேலைநிறுத்தம் செய்யும்? ஓடுகிற காரின் ஜன்னலுக்கு வெளியே (பின்னால் பஸ் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு) உள்ளங்கையைத் தட்டையாக நீட்டுங்கள். காற்று சும்மா தடவிக்கொண்டு போகும். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கை தானாக மேலே எழும்பும். இன்னும் கொஞ்சம், இன்னும் எழும்பும். ஆஹா என்று மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எழும்புவது நின்று, கையைப் பின்னால் தள்ளுவதும் உதறுவதும்தான் மிச்சம். காற்றை இறக்கை சந்திக்கிற இந்தக் கோணத்துக்கு ஆங்கிள் ஆஃப் அட்டாக் என்று பெயர். நாம் தாக்குகோணம் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண இறக்கைக்கு இது ஏறக்குறைய 15, 16 டிகிரியைத் தாண்டினால், மேல்பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடிய காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுழல ஆரம்பிக்கிறது. தூக்கும் விசை சரிகிறது. விமானத்தின் எடை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்புறம் என்ன, பூமிக்குக் கணக்கு தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, இது வேகம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, கோணம் சம்பந்தப்பட்டது. வேகம் குறைந்தால் அதே எடையைத் தாங்கக் கோணத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான் மெதுவாகப் போகிற விமானம் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. வேகமாகப் போகிறவனும் தப்ப முடியாது. 60 டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்க வேண்டும். நேராகப் போகும்போது 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகிற விமானம் அப்போது 70 நாட்டிலேயே ஆகிவிடும். 1944-ல் 'ஸ்டிக் அண்ட் ரட்டர்' என்று ஒரு புத்தகம் எழுதிய வுல்ஃப்கேங் லாங்கவீஷ, விமானத்தின் வாலில் இருக்கிற பலகைக்கு எலிவேட்டர் என்று பெயர் வைத்ததே தப்பு என்றார். எலிவேட்டர் என்றால் உயர்த்துவது என்று அர்த்தம் வருகிறது. அது உயர்த்துவதில்லை, கோணத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். பெயரை நம்பி இழுத்தவர்கள் நிறையப் பேர் செத்துப்போனார்கள்.

வரப்போகிறது என்று எப்படித் தெரியும்? ஸ்டால் திடீரென்று வருகிற விருந்தாளி இல்லை, பெரும்பாலும் கடிதம் போட்டுவிட்டுத்தான் வரும். முதலில் சத்தம் மாறும். இறக்கையைச் சுற்றி விர்ரென்று போன காற்றின் ஓசை தணியும். ஸ்டிக்கை அசைத்தால் விமானம் சோம்பலாகத்தான் கேட்கும். தயிரைக் கரண்டியால் கிண்டுகிற மாதிரி ஒரு நெகிழ்ச்சி. மூக்கு வழக்கத்தைவிட உயரமாக இருக்கும் (எப்போதும் இல்லை, இது ஒரு பொறி). வேகமுள் இடது பக்கமாக நகரும். அப்புறம் ஒரு நடுக்கம். இறக்கையிலிருந்து பிய்ந்த காற்று பல விமானங்களில் வாலில் போய் மோதுகிறது. கரடுமுரடான ரோட்டில் போகிற உணர்வு சீட்டு வழியாக முதுகுக்கு வரும்.

இது போதாதென்று கருவிகளும் வைத்திருக்கிறார்கள். பல செஸ்னா குட்டி விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். தாக்குகோணம் எல்லையை நெருங்கும்போது அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கிற ஒரு ரீட் வழியாகக் காற்றை இழுக்கும். ஆர்மோனியத்தில் இருக்குமே, அந்த மாதிரி ரீட். கரண்ட் வேண்டாம், பாட்டரி வேண்டாம், அதுவாகவே ஊளையிடும். வேலை செய்கிறதா என்று பார்க்க, கிளம்புவதற்கு முன் பைலட் ஒரு கைக்குட்டையைத் துவாரத்தில் வைத்து வாயால் உறிஞ்சிப் பார்ப்பதுண்டு. ஊளை கேட்டால் சரி. ஒரு மனிதன் விமானத்தின் இறக்கைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி இருக்கும். பெரிய விமானங்களில் ஸ்டிக் ஷேக்கர் என்று ஒரு மோட்டார், பைலட்டின் கைப்பிடியையே கடகடவென்று உலுக்கும். நம் செல்போன் வைப்ரேட் ஆகிற அதே தத்துவம், பலம்தான் பல மடங்கு. சிலவற்றில் அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்டிக் புஷர் என்று ஒன்று கைப்பிடியை முன்னால் தள்ளியே விடும். ஏர்பஸ்ஸில் ஒரு செயற்கைக் குரல் 'ஸ்டால், ஸ்டால்' என்று அலறும், கூடவே சில்வண்டுச் சத்தம்.

இத்தனை எச்சரிக்கைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். மூக்கை இறக்கு. ஸ்டிக்கை முன்னால் விடு, கோணத்தைக் குறை. காற்று மறுபடி இறக்கையோடு ஒட்டிக்கொள்ளும். இறக்கைகளைச் சமமாக்கு, எஞ்சின் பலத்தைக் கூட்டு, இழந்த உயரத்தை அப்புறம் சாவகாசமாகச் சம்பாதித்துக்கொள். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

செய்வதுதான் கஷ்டம். ஏனென்றால் நீங்கள் விழுந்துகொண்டிருக்கிறீர்கள். விழுகிறவனிடம் போய், 'இன்னும் கொஞ்சம் கீழே போ, சரியாகிவிடும்' என்றால் எப்படி இருக்கும்? உயரம்தான் உயிர் என்று உடம்பு முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்த உயரத்தையே விலையாகக் கொடுக்கச் சொல்கிறது இயற்பியல். தரைக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் மோசம். கண்ணாடி நிறைய மரமும் வீடும் தெரிகிறபோது அவற்றை நோக்கியே மூக்கைத் திருப்ப வேண்டும்.

பறக்க ஆரம்பித்த நாளிலிருந்தே இந்தப் பிரச்னை இருக்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்டால் இரண்டாயிரம் தடவைக்குக் கிட்டத்தட்ட கிளைடரில் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்று மூக்கைத் தூக்கிவிட, கிளைடர் அந்தரத்தில் நின்று, சுமார் 15 மீட்டரிலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்தார். அந்தச் சாவு ரைட் சகோதரர்களை மிகவும் யோசிக்க வைத்தது. அவர்கள் கட்டுப்பாட்டுப் பலகையை வாலில் வைக்காமல் முன்னால் வைத்துப் பறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரிட்டிஷ் கடற்படை லெப்டினென்ட் வில்ஃப்ரெட் பார்க்கின் கதை இதைவிடச் சுவாரஸ்யம், இதைவிடச் சோகம். 1912 ஆகஸ்டில் அவருடைய விமானம் சுழன்றுகொண்டு விழ ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் சுழலில் மாட்டினால் பிழைத்ததாக அதிகம் கேள்விப்பட்டதில்லை. முதலில் எல்லாரையும் போல ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், பலன் இல்லை. கடைசியில், ஐம்பது அடி மிச்சமிருக்கும்போது, சுழல்கிற திசைக்கு நேர் எதிராக ரட்டரை மிதித்தார். விமானம் நிமிர்ந்தது. இறங்கிவந்து எப்படி என்று விவரமாகச் சொன்னதை 'பார்க்கின் டைவ்' என்று எல்லாரும் பேசினார்கள். அதே டிசம்பரில் வேறொரு விமானத்தில் எஞ்சின் மக்கர் பண்ண, விழுந்து இறந்துபோனார். ஒரு தடவை ஜெயித்தவன் எப்போதும் ஜெயிப்பான் என்று காற்று உத்தரவாதம் தருவதில்லை.

எஞ்சின் மக்கர் பண்ணுகிற இந்த நிலைமையில்தான் நம்முடைய குணம் நன்றாக வெளியே தெரிகிறது. எஞ்சின் நின்றுபோய் சறுக்கிக்கொண்டு ஓடுபாதையை நோக்கி வருகிறீர்கள். ஒரு நூறு மீட்டர் குறைகிற மாதிரி தெரிகிறது. ஓடுபாதைக்கு முன்னால் ஒரு சோளக்காடு. என்ன தோன்றும்? மூக்கை லேசாகத் தூக்கினால் கொஞ்சம் எட்டிப் போகலாமே என்று தோன்றும். தூக்குகிறீர்கள். வேகம் குறைகிறது, எட்டுகிற தூரமும் குறைகிறது. இன்னும் குறைகிறதே என்று இன்னும் தூக்குகிறீர்கள். கிளைடை இழுத்து நீட்டுவது என்று இதற்குப் பெயர். இழுத்து நீட்டினவர் சோளக்காட்டில் இறங்கியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம், அவருக்கு நாலு சிராய்ப்பு. நீட்டினதால் ஓடுபாதையும் இல்லை, சோளக்காடும் இல்லை. கிளம்பின உடனே எஞ்சின் நின்றால் திரும்பி ஓடுபாதைக்கே போய்விடலாம் என்று குறைந்த உயரத்தில் செங்குத்தாகத் திரும்புவதும் இதே ஜாதிதான். கண்ணெதிரே இருக்கிற சுமாரான வயலை ஏற்றுக்கொள்ள மனசு வராமல், முதுகுக்குப் பின்னால் இருக்கிற அருமையான ஓடுபாதைக்கு ஆசைப்படுவது. வட்டி கட்ட முடியாத வீட்டை விற்க மனசு வராமல் மேலே கடன் வாங்குகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

இதுவரை சொன்னது இயற்பியல். இனிமேல் சொல்லப்போவது வழக்கு.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447. ஏர்பஸ் ஏ330 ரகம், உள்ளே 228 பேர். அட்லாண்டிக் மேலே 35,000 அடி உயரத்தில் நள்ளிரவு. கேப்டன் முறைப்படி ஓய்வெடுக்கப் போயிருந்தார், காக்பிட்டில் இரண்டு துணை விமானிகள். வேகத்தை அளக்கிற பிட்டோ குழாய்களில் பனிப்பொடி அடைத்துக்கொண்டது. வேகம் தெரியாததால் ஆட்டோபைலட் கழன்றுகொண்டது. கிரீன்விச் நேரப்படி 2 மணி 10 நிமிஷம். அங்கிருந்து கடலில் விழுந்தது வரை மொத்தம் நாலரை நிமிஷத்துக்கும் குறைவு.

குழாயில் அடைத்த பனி ஒரு நிமிஷத்தில் விலகிவிட்டது. விமானத்தில் வேறு கோளாறு எதுவும் இல்லை. எதுவுமே செய்யாமல் மூக்கையும் எஞ்சினையும் இருந்தபடி வைத்திருந்தாலே போதும். ஓட்டிக்கொண்டிருந்த விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். விமானம் 38,000 அடிவரை ஏறியது, வேகம் கரைந்தது, ஸ்டால் ஆனது. எச்சரிக்கை தொடர்ந்து 54 வினாடி அலறியது. அலறலைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கேப்டன் ஓடிவந்தபோது விமானம் மூக்கை உயர்த்தியபடியே நிமிஷத்துக்கு 10,000 அடி வேகத்தில் கீழே போய்க்கொண்டிருந்தது. கும்மிருட்டு. சீரான வேகத்தில் இறங்கினால் உடம்புக்கு இறங்குவது தெரியாது, லிஃப்டில் பார்த்திருப்பீர்கள். கடைசிக் கட்டத்தில்தான் அந்த விமானி, நான் இவ்வளவு நேரமும் முழுக்கப் பின்னால் இழுத்துத்தானே வைத்திருக்கிறேன் என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொல்கிறார். அதைக் கேட்டதும் கேப்டன் வேண்டாம், மேலே ஏற்றாதே என்கிறார். ஏர்பஸ்ஸில் இரண்டு விமானிகளின் ஸ்டிக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அல்ல. ஒருவர் இழுப்பது அடுத்தவர் கைக்குத் தெரியாது. அந்த வாக்கியம் வரும்போது உயரம் மிச்சமில்லை.

கறுப்புப் பெட்டிகள் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு வருஷம் கழித்து 2011-ல் கிடைத்தன. அதற்குமுன் வெடிகுண்டு, மின்னல் என்று என்னென்னவோ சொன்னார்கள். கிடைத்த உண்மை எல்லாவற்றையும்விடச் சங்கடமாக இருந்தது. ஆரம்பப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிற ஒரு விஷயம். கையை முன்னால் விட வேண்டும். மூன்று தேர்ந்த விமானிகள், நாலு நிமிஷம்.

இப்போது சொல்லுங்கள், அந்த விமானி குற்றவாளியா?

உடனே ஆமாம் என்கிறவர்களுக்கு இரண்டு தகவல். அந்த ரக விமானத்தில், எல்லாக் கருவியும் ஒழுங்காக இருக்கும்வரை, ஸ்டிக்கை முழுசாகப் பின்னால் இழுத்தாலும் கம்ப்யூட்டர் ஸ்டால் ஆக விடாது. இவ்வளவு கோணத்துக்குமேல் கிடையாது என்று அதுவே நிறுத்திக்கொள்ளும். வருஷக்கணக்காக அதை ஓட்டின கைக்கு, இழுத்தால் ஆபத்தில்லை என்பது ஊறிப்போயிருக்கும். வேகத் தகவல் போனதும் கம்ப்யூட்டர் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. கைக்கு அது தெரியவில்லை.

இரண்டாவது தகவல் இன்னும் குரூரம். காட்டும் வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால், இந்தத் தகவலே நம்பத்தகாதது என்று முடிவு செய்து எச்சரிக்கைக் குரல் வாயை மூடிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். எந்த விமானம் 60 நாட்டில் பறக்கும் என்ற நியாயமான யோசனைதான். விளைவு என்ன ஆயிற்று? அவர் இழுத்தபோது வேகம் 60-க்குக் கீழே போய் அலறல் நின்றது. லேசாக முன்னால் விட்டபோது வேகம் 60-ஐத் தாண்டி, 'ஸ்டால், ஸ்டால்' என்று மறுபடி ஆரம்பித்தது. தப்பாகச் செய்தால் அமைதி, சரியாகச் செய்தால் திட்டு. இப்படி ஒரு வாத்தியார் இருந்தால் எந்தப் பையன் உருப்படுவான்?

சரி, இது இயந்திரத்தின் விசித்திரம் என்று வைத்துக்கொண்டாலும், அதே வருஷம் பிப்ரவரி 12-ஆம் தேதி அமெரிக்காவில் நடந்ததை என்ன சொல்வது? பஃபலோ நகரத்தில் இரவில் இறங்கப்போன கோல்கன் ஏர் 3407. இரண்டு விமானிகளும் பேச்சு சுவாரஸ்யத்தில் வேகம் குறைவதைக் கவனிக்கவில்லை. ஸ்டிக் ஷேக்கர் உலுக்கியது. பனிக்காலத்துக்காக ஒரு ஸ்விட்சைப் போட்டு வைத்திருந்ததால் அது வழக்கத்தைவிட முன்கூட்டியே உலுக்கிவிட்டது. விமானம் அப்போது ஸ்டால் ஆகியிருக்கவில்லை, நெருங்கக்கூட இல்லை. கொஞ்சம் முன்னால் விட்டு எஞ்சினைக் கூட்டியிருந்தால் பயணிகளுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. கேப்டன் பின்னால் இழுத்தார். அதனால்தான் ஸ்டால் ஆயிற்று. ஸ்டிக் புஷர் முன்னால் தள்ளியது. அதோடும் மல்லுக்கட்டி இழுத்தார். 50 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் தரையில் தன் வீட்டில் இருந்தவர். எச்சரிக்கையே ஆபத்தை உண்டாக்கிய விபத்து. தூங்குகிறவனை நெருப்பு நெருப்பு என்று எழுப்பினால் மாடியிலிருந்து குதித்துவிடுகிறானே, அந்த மாதிரி.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு அரிஸ்டாட்டில் ஞாபகத்துக்கு வருகிறார். அவருடைய நெறியியல் நூலில் இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொள்கிறார். ஒருவன் கெட்ட பழக்கத்தால் கெட்டவனாகிவிட்டான், இப்போது மாற நினைத்தாலும் அவனால் முடியவில்லை. அவனைக் குற்றம் சொல்லலாமா? சொல்லலாம் என்கிறார் அவர். எறிந்த கல்லைத் திரும்பக் கூப்பிட முடியாதுதான், ஆனால் எறிவதும் எறியாமலிருப்பதும் உன் கையில்தானே இருந்தது? தப்பு கல் போய் விழுகிற நேரத்தில் இல்லை, கை வீசிய நேரத்தில். நம் ஊரில் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி குறைவு, அலுத்துக்கொள்கிற தொனிதான் அதிகம். அரிஸ்டாட்டில் அலுத்துக்கொள்வதில்லை, விசாரிக்கிறார்.

ஆபத்து நேரத்தில் மனிதன் யோசித்து முடிவெடுப்பதில்லை. என்ன பழகியிருக்கிறானோ அது கை வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஆகவே நாலு நிமிஷத்தில் அவன் ஏன் இழுத்தான் என்று கேட்பது உபயோகமில்லாத கேள்வி. அவன் கை எப்போது, யாரிடம் இழுக்கக் கற்றுக்கொண்டது என்று கேட்க வேண்டும்.

கேட்டால் ஆச்சரியமான பதில் கிடைக்கிறது. ரொம்ப வருஷமாக விமான நிறுவனங்களின் பயிற்சியில் விமானியை நிஜ ஸ்டாலுக்குள் கொண்டுபோவதே இல்லை. அதன் வாசல்வரைதான். எச்சரிக்கை வந்ததும் எஞ்சினை முழுசாகக் கூட்டி, உயரத்தை அதிகம் இழக்காமல் வெளியே வர வேண்டும். பரீட்சை வைப்பவர் பார்ப்பது, எவ்வளவு உயரம் இழந்தான் என்பதை. குறைவாக இழந்தால் கெட்டிக்காரன். நிறைய இழந்தால் மறுபடி வா. ஒரு விமானி எதைக் கற்றுக்கொள்வான்? ஸ்டால் எச்சரிக்கை வந்தால் உயரத்தை விடாதே என்று கற்றுக்கொள்வான். அதாவது, மூக்கை இறக்காதே என்று. பாடப் புத்தகம் ஒன்றைச் சொல்ல, பரீட்சை அதற்கு நேர் எதிரானதைச் சொல்லிக்கொண்டிருந்தது. புத்தகத்துக்கும் பரீட்சைக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏர் பிரான்ஸ் விபத்தை விசாரித்த பிரெஞ்சு அமைப்பு 2012-ல் தந்த இறுதி அறிக்கையிலும், அத்தனை உயரத்தில் ஆட்டோபைலட் இல்லாமல் கையால் ஓட்டுகிற பயிற்சி அந்த விமானிகளுக்குக் கிடைக்கவில்லை என்று இருக்கிறது.

ஆக, கல்லை எறிந்தவர்கள் என்று பார்த்தால் ஒரு கை இல்லை, பல கை. பரீட்சை வைத்தவர், எச்சரிக்கையை 60 நாட்டில் நிறுத்தச் சொன்ன என்ஜினீயர், ஸ்டிக்குகளை இணைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர், பயிற்சிக்கு இத்தனை மணி நேரம் போதும் என்று பட்ஜெட் போட்டவர். ஒவ்வொருவருக்கும் அன்றைக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. அவர்கள் யாரும் அந்த இரவு காக்பிட்டில் இல்லை. இருந்தவன் பெயர்தான் பேப்பரில் வந்தது. இதற்குமுன் வேறு பல விமானங்களிலும் இதே போல் பிட்டோ குழாய் அடைத்துக்கொண்டு வேகம் தெரியாமல் போயிருக்கிறது. அவை பத்திரமாக இறங்கின. அந்த விமானிகளும் ஏறக்குறைய அதே மாதிரிப் பயிற்சி பெற்றவர்கள்தான். அவர்களை நாம் திறமைசாலிகள் என்றுகூடச் சொல்வதில்லை, அவர்கள் இருப்பதே நமக்குத் தெரியாது. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு 1976-ல் 'மாரல் லக்' என்று பெயர் கொடுத்தார். நல்லவன் கெட்டவன் என்ற தீர்ப்பில்கூட அதிர்ஷ்டத்துக்கு ஒரு பங்கு உண்டு என்கிற, ஒப்புக்கொள்ளச் சிரமமான கருத்து.

அப்படியானால் விமானிக்குப் பொறுப்பே இல்லையா? அப்படிச் சொன்னால் அது அவனைக் கௌரவப்படுத்துவதாகாது. அவனை ஸ்விட்ச் மாதிரி ஆக்கிவிடுகிறோம். தன் கை என்ன பழகியிருக்கிறது என்று தானே அவ்வப்போது சோதித்துப் பார்க்கிற கடமை ஒரு விமானிக்கு உண்டு, டாக்டருக்கு உண்டு, பஸ் டிரைவருக்கும் உண்டு. பரீட்சை கேட்காததையும் பழகிக்கொள்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வாரக் கடைசியில் கிளைடர் ஓட்டுகிற, சொந்தச் செலவில் சின்ன விமானத்தில் ஸ்டால் பழகுகிற ஏர்லைன் விமானிகள் உண்டு. அது கடமையா, கடமைக்குமேல் செய்கிற புண்ணியமா என்பதில்தான் எனக்கு இன்னும் தீர்மானமில்லை. 228 பேரை ஏற்றிக்கொள்கிறவனுக்குக் கடமை என்றுதான் தோன்றுகிறது. மாதச் சம்பளத்தையும் டூட்டி நேரத்தையும் பார்த்தால் புண்ணியம் என்று தோன்றுகிறது.

மனிதனை நம்பினால்தானே இந்தத் தொல்லை, இயந்திரமே மூக்கை இறக்கிவிடட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டார்கள். போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் எம்.சி.ஏ.எஸ். என்ற மென்பொருள், தாக்குகோணம் அதிகமானால் தானாகவே மூக்கைக் கீழே தள்ளும். தாக்குகோணத்தை அளக்க விமானத்தில் இரண்டு உணர்கருவிகள் இருந்தும் அது ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கேட்டது. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேஷியாவில் லயன் ஏர் விமானத்தில் அந்த ஒன்று பொய் சொன்னது. இறக்கை நன்றாகவே பறந்துகொண்டிருந்தது. மென்பொருள் திரும்பத் திரும்ப மூக்கை இறக்கியது, விமானிகள் திரும்பத் திரும்பத் தூக்கினார்கள். அப்படி ஒரு மென்பொருள் இருக்கிறது என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. 189 பேர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் மறுபடியும் அதே கதை, 157 பேர். இங்கே இழுத்த கைதான் சரியான கை. இயந்திரம் செய்தது, பாடப் புத்தகத்தில் இருக்கிற உத்தமமான காரியம், தப்பான நேரத்தில்.

ஏர் பிரான்ஸில் உண்மையான எச்சரிக்கையை நம்பாமல் செத்தார்கள், மேக்ஸில் பொய்யான எச்சரிக்கையை நம்பின இயந்திரத்தால் செத்தார்கள். எச்சரிக்கை வந்தால் கேள் என்ற உபதேசம் மட்டும் போதாது என்பது இதில் தெரிகிறது. வேகமுள், மூக்கின் நிலை, எஞ்சின் பலம், காற்றுச் சத்தம், முதுகில் நடுக்கம் என்று நாலைந்து சாட்சிகளை ஒரே நேரத்தில் விசாரித்து, யார் பொய் சொல்கிறார் என்று சில வினாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நீதிபதிகளுக்கு வருஷக்கணக்கில் வாய்தா கிடைக்கிறது.

வாய்தா என்றதும் சொல்ல வேண்டும், பாரிஸ் நீதிமன்றம் ஏர் பிரான்ஸ், ஏர்பஸ் இரண்டு கம்பெனிகளும் குற்றவாளி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது 2023 ஏப்ரலில். விபத்து நடந்து 14 வருஷம் ஆகப்போகிற நேரம். அஜாக்கிரதைகள் இருந்தன, ஆனால் அவற்றால்தான் விபத்து என்று நிச்சயமாக நிரூபணமாகவில்லை என்றார்கள். உறவினர்கள் கோர்ட்டிலேயே அழுதார்கள். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. எறிந்த கைகள் உண்டு, ஆனால் எந்தக் கை எறிந்த கல் பட்டது என்று சொல்ல முடியவில்லை என்ற மாதிரியான அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது கோபமும் வருகிறது, வேறு என்ன எழுதியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது.

சட்டம் செய்யாததைப் பயிற்சி விதிகள் ஓரளவு செய்திருக்கின்றன. பஃபலோவில் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் நச்சரித்து 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வரவழைத்தார்கள். 2012-ல் அமெரிக்க விமானத் துறை புதிய வழிகாட்டி வெளியிட்டது. ஸ்டால் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை தாக்குகோணத்தைக் குறைப்பது, உயரத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படு என்று. எஞ்சின் இரண்டாவதுதான். 2019-லிருந்து அங்கே ஏர்லைன் விமானிகள் சிமுலேட்டரில் முழு ஸ்டாலுக்குள்ளேயே போய் வெளியே வந்து காட்ட வேண்டும். அதற்காக சிமுலேட்டர்களின் கணக்குகளையே மாற்றி எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் முழு ஸ்டாலில் விமானம் எப்படி உதறும் என்பதே பழைய சிமுலேட்டர்களுக்குச் சரியாகத் தெரியாது. இத்தனை அடிக்குமேல் உயரம் இழந்தால் ஃபெயில் என்ற பழைய அளவுகோலை எடுத்துவிட்டார்கள். இப்போது மூக்கை இறக்கி ஆயிரக்கணக்கான அடி இழந்து வெளியே வருகிற விமானிக்கும் பாஸ் மார்க்.